நெய்விளாகம் வெள்ளத்தைக் காத்த வரலாறு

கார்த்திகை 7, வெள்ளி

நெய்விளாகம் உழவர் நலச் சங்கத்தின் செயற்குழு இன்று மாலை கூடி, தலைவருக்குக் கை வைத்த நாற்காலி, மற்றவர்களுக்குக் கை இல்லாத நாற்காலி என்று முடிவு செய்தது. நீண்ட விவாதத்துக்குப் பிறகே இந்த முடிவு எட்டப்பட்டது என்பதைப் பின்னால் வருகிறவர்கள் அறிய வேண்டும். தலைவர் என்ற முறையில் நான் நடுநிலை வகித்தேன். நாற்காலியில் அமர்ந்தபடியே வகித்தேன்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் செயலாளர் குஞ்சிதபாதம். போன கூட்டத்துக்கு முன்னதாகவே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவரும் அவர்தான். “விதின்னு ஒண்ணு எழுதி வச்சிருந்தா நான் ஏண்ணே உக்காந்திருக்கப் போறேன்?” என்று கேட்டுத் தமக்கு எதிராகத் தாமே முன்மொழிந்தார். ஐம்பத்து மூன்று வயது, திருமணம் ஆகவில்லை, தாமே சமைத்துச் சாப்பிடுகிறவர். இப்படி ஒரு செயலாளர் எந்தச் சங்கத்துக்கும் வாய்க்கமாட்டார்.

வீட்டில் செய்தியைச் சொன்னேன். மனைவி ஜெயக்கொடி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்.

“நாக்காலிக்குக் கை வந்துட்டா? நல்லது. வடிகால் வாய்க்காலத் தூருவாரச் சொல்லி ஆறு மாசமாக் கேக்குறேன், அதுக்கு ஒரு கையும் வரமாட்டேங்குது.”

வடிகால் வாய்க்கால் நிகழ்ச்சி நிரலில் இல்லை என்பதை விளக்கினேன்.

கார்த்திகை 10, திங்கள்

மழை.

கார்த்திகை 11, செவ்வாய்

மழை. நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டேன்.

கார்த்திகை 13, வியாழன்

மழை விட்டது. வயலெது, வாய்க்காலெது என்று தெரியவில்லை. நாற்பது நாள் சம்பாப் பயிர் கழுத்துவரை மூழ்கி, நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே நின்று மூச்சு வாங்குகிறது. ஊரில் மகிழ்ச்சியாக இருப்பவை கொக்குகள் மட்டுமே.

மதியச் செய்தியில் நிவாரணம் அறிவித்துவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான பயிருக்கு உண்டு, அதற்குக் கீழே என்றால் இல்லை. அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்களாம்.

ஜெயக்கொடி வரப்பிலிருந்து நேராக வந்து நின்றாள். “வாய்க்கால்ல தண்ணி எறங்க ஆரம்பிச்சிட்டுங்க. நாளைக்கி மடையத் தொறந்துவிட்டா மூணு நாள்ல வடிஞ்சிரும். பயிரு பொழைச்சிக்கும்.”

அவளுக்கு வரலாற்றை நினைவூட்டினேன். போன ஆண்டும் இதே கார்த்திகையில் வெள்ளம் வந்தது. நாங்கள் அறியாமையால் மறுநாளே மடையைத் திறந்து வடித்தோம். இரண்டு வாரம் கழித்து அதிகாரி வந்தார். காய்ந்த வயலையும் எழுந்து நின்ற பயிரையும் பார்த்து, “நல்லாத்தானே இருக்கு” என்றார். இளநீர் குடித்தார், போய்விட்டார். அந்தப் பயிர் பாதிதான் விளைந்தது. நிவாரணமும் வரவில்லை. சாட்சியை நாமே வாய்க்காலில் விட்டுவிட்டு வழக்காடப் போனால் எந்த நீதிமன்றம் ஏற்கும்?

“பாதியாச்சும் வெளைஞ்சிச்சில்ல?” என்றாள். சட்ட நுணுக்கம் எல்லோருக்கும் பிடிபடாது.

கார்த்திகை 14, வெள்ளி

அவசரக் கூட்டம். உறுப்பினர் பதினொரு பேரும் வந்திருந்தனர். பின்வரும் தீர்மானம் நிறைவேறியது. சொற்கள் குஞ்சிதபாதத்தினுடையவை, கருத்து என்னுடையது.

“நம் வயல்களில் நிற்கும் வெள்ளநீர் அரசின் பார்வைக்கு உரியது. அதிகாரி வந்து பார்க்கும்வரை எந்த உறுப்பினரும் அதை வெளியேற்றலாகாது. ஒவ்வொருவரும் தத்தம் மடையை மண்மூட்டையால் அடைத்துக் காவல் காக்க வேண்டும்.”

பொருளாளர் கலியபெருமாளுக்கு மட்டும் ஐயம். எனக்கு மருமகன் முறை, ஐயப்படுவது அவன் உடம்போடு பிறந்தது.

“அதிகாரி வர்றதுக்குள்ள பயிரு அழுவிட்டுன்னா என்னா மாமா பண்றது?”

“அழுகினாத்தானப்பா நிவாரணம்.”

“அழுவலேன்னா?”

“பயிர் இருக்குமே.”

“அப்ப ரெண்டுல ஒண்ணு நிச்சயங்கிறீங்க.”

“நிச்சயம்.”

“ரெண்டும் இல்லாமப் போவாதே?”

இந்தக் கேள்வி நேரம் கருதி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. கைதட்டலுடன் கூட்டம் முடிந்தது. இருட்டுவதற்குள் பதினொரு மடைகளையும் அடைத்துவிட்டோம். வெள்ளத்திலிருந்து ஊரைக் காத்தவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். வெள்ளத்தையே காத்த ஊர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

சாப்பாட்டில் மோர் ஊற்றும்போது ஜெயக்கொடி கேட்டாள். “நிவாரணத்த மாடு திங்குமா?”

எங்களுக்குச் செவலை என்று ஒரு பசுவும் அதன் கிடேரிக் கன்றும் உண்டு. பால் சங்கத்துக்குப் பால் ஊற்றுவதும் அந்த வரவு செலவும் அவள் பொறுப்பு. போன ஆண்டு பாதி விளைச்சல் என்பதால் வைக்கோல் ஆவணியோடு தீர்ந்துவிட்டது. அன்றிலிருந்து புல்லை வைத்து ஒப்பேற்றுகிறாள்.

“இந்த வருசமும் வைக்கோல் இல்லேன்னா ரெண்டையும் தரகருக்கு ஓட்டி விட்ற வேண்டியதுதான். சோத்துக்கு நெல்லும் வெலைக்குத்தான் வாங்கணும். சங்கத்துல அதுக்கும் ஒரு தீர்மானம் போட்டுருங்க.”

தொலைநோக்கு என்பதைப் பற்றிச் சிறிது பேசினேன். கை கழுவப் போய்விட்டாள்.

கார்த்திகை 15, சனி

கிராம நிர்வாக அலுவலர் அபிராமியைத் தொலைபேசியில் அழைத்தேன். சின்ன வயது, மரியாதையான பெண். சுற்றியுள்ள நான்கு ஊர்களுக்கும் அவர் ஒருவர்தான்.

“எப்ப மேடம் வருவீங்க?”

“கணக்கெடுப்புக்கு இன்னும் உத்தரவு வரல சார். வந்தவொடன வந்துருவேன்.”

“அவசரமில்ல. தண்ணிய நாங்க பத்திரமா வச்சிருக்கோம்.”

“எத சார்?”

“வெள்ளத்த.”

சிக்னல் கோளாறு என்று நினைத்து இன்னொரு முறை சொன்னேன்.

“சார், வடிய வாய்ப்பிருந்தா வடிச்சிருங்க சார். பயிரக் காப்பாத்துறதுதான் முக்கியம்.”

இது அவருடைய சொந்தக் கருத்து. உத்தரவு எண் எதையும் அவர் குறிப்பிடவில்லை.

கார்த்திகை 16, ஞாயிறு

அதிர்ச்சி. எங்கள் வயலில் தண்ணீர் நான்கு விரற்கடை இறங்கியிருக்கிறது. மடையில் மண்மூட்டை வைத்தது வைத்தபடி இருக்கிறது. வரப்பைச் சுற்றிவந்தபோது வடக்கு மூலையில் காரணம் தெரிந்தது: நண்டு வளை.

வயல் நண்டு வரப்பில் வளை தோண்டும், அதன் வழியே நீர் கசியும். இது தெரிந்த செய்திதான். ஆனால் இந்த வளை ஏறக்குறைய சதுரமாக இருந்தது. மண்வெட்டித் தகட்டின் அகலம் இருக்கும். நண்டு சதுரமாகவும் தோண்டும் என்பது நான் படித்த எந்த நூலிலும் இல்லை. வேளாண் பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும்.

வளையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஜெயக்கொடி கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கால் வரை சேறு.

“எங்க போயிருந்த?”

“புல்லறுக்கத்தான்.”

நண்டுகளின் வாழ்க்கை முறையைப் பற்றி அவளுக்கு விரிவாகச் சொன்னேன். மிகுந்த கவனத்தோடு கேட்டாள். திருமணமாகி இருபத்தேழு ஆண்டுகளில் என் பேச்சை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

“ஒரு நண்டுதான் இருக்குமா, நெறைய இருக்குமாங்க?” என்றும் கேட்டாள்.

பரவக்கூடும் என்றேன்.

கார்த்திகை 17, திங்கள்

புதிதாக இரண்டு வளைகள். அடைத்தேன். மதியம் நண்டுக் குழம்பு. “குத்தவாளியப் புடிச்சிட்டேன்” என்றாள் ஜெயக்கொடி. குழம்பு நன்றாக இருந்தது. ஆனால் அது கடல் நண்டு. இதையும் பதிவு செய்கிறேன், பொருள் விளங்கவில்லை.

கார்த்திகை 18, செவ்வாய்

பரவிவிட்டது. கலியபெருமாள் காலையிலேயே ஓடிவந்தான்.

“மாமா, என் வரப்புலயும் நண்டு! ராத்திரியோட ராத்திரியா அஞ்சு எடத்துல. முழங்கால் தண்ணி கெண்டைக்காலுக்கு எறங்கிட்டு.”

“வளை எப்படி இருந்துச்சு? வட்டமாவா?”

“எங்கங்க வட்டம்? கொத்தனார் சன்னல் வச்ச மாதிரி இருக்கு.”

அவன் மனைவி சுசீலாவும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பால் சங்கத்திலிருந்து ஜெயக்கொடியோடு பேசிக்கொண்டே வந்தவள். “இந்த வருசம் நண்டு ரொம்ப அதிகந்தாங்க” என்றாள். ஜெயக்கொடியும் ஆமாம் என்றாள். பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. பனி.

இப்போதெல்லாம் பெண்கள் பால் ஊற்றிவிட்டு உடனே திரும்புவதில்லை. கேன்களைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் நின்று பேசுகிறார்கள். தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, கோரம் என்ற குறைந்தபட்ச வருகைக் கணக்கு இல்லை, நடவடிக்கைக் குறிப்பு எழுத ஆளில்லை. அப்படி ஒரு கூட்டத்தால் என்ன சாதிக்க முடியும்?

மாலையில் மாட்டுத் தரகர் ஒருவர் வந்தார். ஊரில் வெள்ளம் என்று கேள்விப்பட்டு வந்தாராம். செவலையைச் சுற்றி வந்து பல்லைப் பார்த்தார், மடியைத் தொட்டார்.

“வைக்கோலுக்கு என்னாம்மா பண்ணப் போறீங்க? எனக்குன்னு இல்ல, மாடு எளைக்கிறதுக்கு முந்தி குடுத்துட்டா ஒங்களுக்குத்தான் லாபம்.”

“தையில வாங்க” என்றாள் ஜெயக்கொடி.

“தையில தர்றீங்களா?”

“வைக்கோல் வேணும்னா தர்றேன்.”

அவர் போன பிறகு செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அந்த நேரத்தில் நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தைத்தான்.

கார்த்திகை 19, புதன்

நண்டுகள் குறித்து அவசரக் கூட்டம். பத்து உறுப்பினர்களின் வரப்புகளில் வளைகள். குஞ்சிதபாதத்தின் வரப்பில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அவர் அதை அடக்கத்தோடுதான் சொன்னார். “நான் வரப்பு மேலயே கட்டிலப் போட்டுட்டேண்ணே. குடையும் கட்டியாச்சு. சோறும் அங்கேயே பொங்கிக்கிறேன். தீர்மானத்துல காவல் காக்கணும்னு இருக்குல்ல?”

எல்லோரும் அவரைப் பாராட்டினோம். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

காவலைத் தீவிரப்படுத்துவதென்று முடிவாயிற்று. ஆனால் ஆண்களுக்கு வேலை இருக்கிறது. எனக்குச் சங்கப் பணி, கலியபெருமாளுக்கு இடுப்பு வலி. எனவே காலையும் மாலையும் புல்லறுக்கப் போகும் பெண்களே அப்படியே தண்ணீரையும் பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். பெண்கள் மறுப்பார்கள் என்று அஞ்சினேன். ஜெயக்கொடி உடனே ஒப்புக்கொண்டாள்.

“மத்தவங்கள்ட்டயும் நான் சொல்லிடுறேன். மண்வெட்டி எடுத்துக்கிட்டுப் போவலாமுல்ல? நண்டு வந்தா அடிக்க வேணாமா?”

மண்வெட்டிக்கு அனுமதி வழங்கப்பட்டது.

கார்த்திகை 20, வியாழன்

காலையில் காவல் எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போனேன். மூடுபனி. தூரத்தில் எங்கள் வடக்கு வரப்பில் ஒரு பெரிய நண்டு குனிந்து நின்று வேலை செய்துகொண்டிருந்தது. நீல நிறம். சற்றுத் தள்ளிக் கலியபெருமாளின் வரப்பில் மஞ்சள் நிறத்தில் இன்னொன்று. இரண்டும் பேசிச் சிரிப்பது போலவும் கேட்டது.

கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்ணாடி இல்லாமல் கண்டதைப் பதிவு செய்வது முறையல்ல. திரும்பி வந்துவிட்டேன்.

கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

கார்த்திகை 21, வெள்ளி

வயலில் தண்ணீர் கணுக்காலுக்கும் கீழே. பயிர் மஞ்சளாக, தூங்கி எழுந்த பிள்ளை போல் தலை கலைந்து நிற்கிறது. இந்த நிலையில் யூரியாவும் துத்தநாக சல்பேட்டும் போட்டால் பயிர் தேறும் என்று வேளாண் இதழ்களில் எழுதியிருப்பார்கள். நமக்கு அது தேவையில்லை.

நண்டுகளின் மேல் இந்த உரங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய ஒரு மூட்டை யூரியாவும் பத்து கிலோ துத்தநாக சல்பேட்டும் வாங்கிவந்தேன். வடக்கு வரப்பில் இறக்கி வைத்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

கார்த்திகை 22, சனி

நினைவு வந்து போய்ப் பார்த்தேன். காலி மூட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. நண்டுகள் மடிக்கும் என்பதும் புதிய செய்தி.

இன்று சாப்பாட்டில் அப்பளம் பொரித்திருந்தாள். எனக்கு மட்டும் இரண்டு கூடுதலாக வைத்தாள்.

கார்த்திகை 23, ஞாயிறு

குஞ்சிதபாதம். இவரைப் பற்றி எழுத வேண்டும்.

அவர் வயலில் முழங்கால் தண்ணீர் அப்படியே நிற்கிறது, பத்து நாளாகிறது. ஓர் ஏக்கர்தான் அவருக்கு, வேறு நிலம் இல்லை. ஜெயக்கொடி காலையில் வந்து சொன்னாள்.

“அவரு வயலையும் பாத்துறலாம்னுதான் நானும் சுசீலாவும் மூணு நாளாப் போறோம். கட்டில விட்டு எறங்க மாட்டேங்கிறாரு. ‘நண்டு வருதா பாருங்க தங்கச்சி’ங்கிறாரு. நீங்க ஒரு வேளை சோத்துக்காச்சும் அவர இங்க கூப்புடுங்க. ஒரு மணி நேரம் போதும்.”

எதற்கு ஒரு மணி நேரம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

போனேன். குடைக்குக் கீழே, கட்டிலில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. தண்ணீரிலிருந்து புளித்த வாடை வரத் தொடங்கியிருந்தது.

“வாப்பா, வீட்டுல மீன் கொழம்பு. சாப்ட்டு வரலாம்.”

“காவல விட்டுட்டாண்ணே?”

“ஒரு நாழி ஒண்ணும் ஆவாது.”

“தலைவரு நீங்களே அப்புடிச் சொல்லலாமா? பத்து பேரு வரப்பு போயிட்டு. அதிகாரி வந்தா சங்கத்துக்குன்னு காட்ட என் வயலு ஒண்ணுதாண்ணே இருக்கு.” பெருமையோடு சொன்னார். “ஒங்களுக்காவத்தான் ஒக்காந்திருக்கேன்னு வச்சிக்கங்களேன்.”

“பயிரு போயிருமேப்பா.”

“போனா நிவாரணம், இருந்தா பயிரு. ரெண்டுல ஒண்ணு நிச்சயம்னு நீங்கதானே சொன்னீங்க.”

சொன்னேன். நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது.

தீர்மானத்தை ரத்து செய்ய ஒரு கூட்டம் கூட்டியிருக்கலாம். ரத்து செய்வதென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் நண்டு யார் என்று சொல்ல வேண்டும். தவிர, கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு தேவை. விட்டுவிட்டேன்.

மீன் குழம்பைத் தூக்குவாளியில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

கார்த்திகை 27, வியாழன்

எங்கள் வயலில் பயிரின் அடியில் புதுத் தூர் வெடித்திருக்கிறது. பச்சை. பதிவுக்காக மட்டுமே எழுதுகிறேன்.

மார்கழி 3, புதன்

அதிகாரி வந்தார்.

அபிராமியும் வேளாண்மைத் துறையிலிருந்து ஓர் அலுவலரும் ஒரே ஸ்கூட்டரில் வந்தனர். குஞ்சிதபாதம் சட்டைக்குக் கஞ்சி போட்டு அணிந்து, தீர்மானத்தின் நகலோடு எல்லைக்கே போய் அழைத்துவந்தார். பதினொரு உறுப்பினரும் வரிசையாக நின்றோம். பெண்கள் பால் கேன்களோடு எதிர் வரப்பில் நின்றார்கள், தற்செயலாக.

முதலில் என் வயல். அபிராமி கைப்பேசியை உயர்த்தி, திரையில் பார்த்து, பிறகு திரைக்கு மேலாக நேராகவும் பார்த்தார்.

“சார், இது நல்லாத்தானே இருக்கு.”

போன ஆண்டின் அதே சொற்கள். போன ஆண்டு அவை காதில் ஈயமாக இறங்கின. இந்த ஆண்டு, தலைவர் என்ற முறையில், கடுமையாக ஆட்சேபித்தேன்.

“பாக்குறதுக்கு அப்புடித் தெரியும் மேடம். உள்ளுக்குள்ள பாதிப்பு இருக்கு.”

“எங்க சார்?”

சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒரு மூலையில் கையகலத்துக்குப் பயிர் இல்லாத இடம் இருந்தது. ஒரு சதுரமான நண்டு வளைக்கு முன்னால் மண் குவிந்த இடம் அது. அதைக் காட்டினேன். வேளாண் அலுவலர் குனிந்து பார்த்துவிட்டு, “இருவது சதவீதம் போடுங்க மேடம், பாவம்” என்றார். மூன்றில் ஒரு பங்கு ஆகவில்லை.

கலியபெருமாளின் வயலுக்கும் அதுதான். மற்ற எட்டுக்கும் அதுதான். கலியபெருமாள் பழக்கதோஷத்தில் ஐயத்தைக் கிளப்பினான்.

“மேடம், எங்க பயிரு நெசமாவே நல்லாருக்கா?”

“நல்லா இருக்குங்க. எப்படிங்க காப்பாத்துனீங்க?”

பதில் சொல்ல அவன் வாயைத் திறந்தான். எதிர் வரப்பில் சுசீலா பால் கேனைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. மூடிக்கொண்டான்.

கடைசியாகக் குஞ்சிதபாதத்தின் வயல். வரப்புக்கு இருபது அடி முன்பே அபிராமி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தண்ணீர் கறுத்திருந்தது. பயிர் என்று ஒன்றும் இல்லை, அடியில் கூழ் போல ஏதோ கிடந்தது. குஞ்சிதபாதம் தீர்மானத்தை உரக்கப் படித்துக் காட்டினார். இருவரும் முழுவதும் கேட்டார்கள்.

“நீங்களே தண்ணிய அடைச்சி வச்சீங்களா சார்?” என்று அபிராமி மெல்லக் கேட்டார்.

“சங்கத் தீர்மானங்க.”

அபிராமி என்னைப் பார்த்தார். நான் கொக்குகளைப் பார்த்தேன்.

“நூறு சதவீதம்” என்று வேளாண் அலுவலர் முணுமுணுத்தார். உரிமையாளர் வயலோடு நிற்கும் படம் வேண்டுமாம். குஞ்சிதபாதம் தலையைச் சீவிக்கொண்டு நின்றார்.

“சிரிக்காதீங்க சார். சேதம்னு பதிவாவணும்.”

இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது படத்தில் அவர் கீழே குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சரியாக வந்ததாகச் சொன்னார்கள்.

போகும்போது அபிராமி ஜெயக்கொடியிடம் கேட்டார். “பக்கத்துப் பக்கத்து வயலு. எல்லாத்தோடதும் நல்லா இருக்கு, அவரோடது மட்டும் எப்படிம்மா இப்படி ஆச்சு?”

“அவரு வரப்புல நண்டு இல்லம்மா” என்றாள் ஜெயக்கொடி.

வீடு திரும்பும் வழியில் அவள் சிரிக்கவில்லை. நானும்தான்.

மார்கழி 19, வெள்ளி

அதிகாரி வந்துபோன பிறகு, நண்டுச் சேதத்துக்கு நிவாரணம் கேட்டுச் சங்கம் அனுப்பிய மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. நண்டு, இயற்கைப் பேரிடர்ப் பட்டியலில் இல்லையாம். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “எப்புடி இருக்கும்?” என்றாள் ஜெயக்கொடி.

தை 22, செவ்வாய்

அறுவடை முடிந்தது. அறுவடை எந்திரம் காலையில் இறங்கி மதியத்துக்குள் ஏறிவிட்டது. மோசமில்லை, போன ஆண்டைவிட அதிகம். வைக்கோலைக் கட்டுக் கட்டாகச் சுருட்டி ஏற்றி வந்து கொல்லையில் போர் போட்டாயிற்று. செவலை கயிற்றை இழுத்துக்கொண்டு போய் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

மாட்டுத் தரகர் வந்தார். வைக்கோல் கேட்டார். ஜெயக்கொடி இல்லை என்றாள். பிறகு, வந்ததற்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள்.

குஞ்சிதபாதமும் அறுவடை பார்க்க வந்திருந்தார். எந்திரத்துக்குப் பின்னாலேயே நடந்து சிந்திய கதிர்களைப் பொறுக்கி மூட்டையில் போட்டார். வேண்டாமப்பா என்றேன். “சும்மாத்தானேண்ணே இருக்கேன்” என்றார்.

தை 27, ஞாயிறு

சங்கக் கூட்டம். வடிகால் வாய்க்காலைத் தூர்வாருவது என்று தீர்மானம். முன்மொழிந்தவன் நான், வழிமொழிய யாராவது கை தூக்குவதற்குள் வெளியே வாசலில் பால் கேனோடு நின்றவர்கள் சரி என்றார்கள். செயலாளர் அந்தச் ‘சரி’யை எந்தத் தலைப்பில் பதிவு செய்வது என்று கேட்டார். காதில் கேட்டதை மட்டும் பதிவு செய்யச் சொன்னேன்.

மாசி 8, வியாழன்

நிவாரணப் பட்டியல் வந்தது. பால் சங்கச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நெய்விளாகத்தில் தகுதியுடையோர் ஒருவர்: குஞ்சிதபாதம், ஓர் ஏக்கர். ஊரே நின்று பார்த்தது. அவர் தம் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “சங்கத்தோட முயற்சிக்குக் கெடைச்ச பலன்” என்று எல்லோரிடமும் சொன்னார்.

மாலையில் வங்கியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குச் சைக்கிளில் வந்தார். வருடச் சாப்பாட்டுக்கு நெல் வேண்டும் என்றார். ஜெயக்கொடி விலை சொல்ல மறுத்தாள், அவர் சும்மா வாங்க மறுத்தார். கடைசியில் கொள்முதல் நிலையத்து விலைக்கு ஐந்து மூட்டை கொடுத்தோம். நிவாரணம் அதற்குச் சரியாக இருந்தது.